சென்னம்மாளின் தீப்புண்

எங்கள் மலையில் தேவனூர் நாட்டுச் சென்னம்மாளின் இடது முன்கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணிக்கட்டு இருக்கும். புதிதாக வந்தவர்கள் யாராவது கேட்டால், "தீப்புண்ணுங்க" என்பாள். வருஷக் கணக்கில் ஆறாத தீப்புண் உண்டா என்று ஊரில் ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. வம்பு பேசுவதில் எங்கள் மலைக்காரர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டார்கள்.

கட்டுக்குக் கீழே புண் எதுவும் கிடையாது. பச்சை குத்திய தேள் ஒன்று இருந்தது.

கீழ்நாட்டுப் பெண்கள் கை நிறையப் பச்சை குத்திக்கொள்வார்கள். மலையில் அது ஆகாது. பச்சைக் கையோடு ஒருத்தி ஊர் எல்லையைத் தாண்டினால் சாமி பொறுக்காது, சாமை பதராகிப் போகும் என்பார்கள். அவளை ஊருக்குள் சேர்க்க மாட்டார்கள். பெற்றவர்கள் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் அவர்களையும் தள்ளி வைத்துவிடுவார்கள். சென்னம்மாளுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் கையை நீட்டினாள்.

நீட்ட வைத்தவன் செங்கோடன். அடிவாரச் சந்தையில் வண்டி ஓட்டுகிறவன் என்று பேர். மாடுகள் மெலிந்திருக்கும், அவன் மட்டும் கொழுத்திருப்பான். அவன் நடந்து வந்தால் மிளகு மண்டித் தெருவே ஒதுங்கி வழிவிடும். சாராயக் கடைகளை மூடச் சொல்லிச் சர்க்கார் சட்டம் போட்ட மறு மாசத்திலிருந்து அந்தத் தெருவில் அவன் வைத்ததுதான் சட்டம். அப்பேர்ப்பட்டவன், மிளகு மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த மலைப்பெண் ஒருத்தியிடம், "ஏனுங்க, தாகமா இருக்குதுங்களா?" என்று மோர் வாங்கிக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? மயங்கத்தான் செய்வாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குறை சொல்வதென்றால் அந்த மோரைத்தான் சொல்ல வேண்டும்.

சில சந்தைகள் கழித்து அவன் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினான். அங்கே ஒரு தேள், வாலில் இரண்டு கொடுக்கு. "இதே மாதிரி நீயும் குத்திக்கிட்டா நீ எனக்குப் பொண்டாட்டி. மழை நின்னதும் உன்னயக் கூட்டிக்கிட்டுச் சேலம் போயிருவேன். அப்பறம் மல எதுக்கு உனக்கு?" என்றான். பச்சை குத்துகிறவளையும் கையோடு அழைத்து வந்திருந்தான். ஊசி இறங்கியபோது சென்னம்மாள் அழவில்லை. மலையேறித் திரும்பும்போதுதான் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் துணியைச் சுற்றினாள். அடுப்பில் கை பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னாள். அம்மா நம்பினாள். அப்பா அண்ணாமலைக்குத்தான் நிலைகொள்ளவில்லை. மகள் என்றால் அவருக்கு உயிர். காட்டிலிருந்து வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பச்சிலை கசக்கிக் கொண்டுவருவார்.

"கட்டை அவுறு கண்ணு. இத வெச்சு உடறேன்."

"வேண்டாங்கப்பா. காத்துப் பட்டா எரியுதுங்க."

"புண்ணு மூடியே கெடந்தா சீழ் வெச்சுக்கும் சாமி."

ஒவ்வொரு நாளும் இதே பேச்சு. அப்பா கையைத் தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். குளிக்கும்போது பயம், மாவாட்டும்போது பயம், தூக்கத்தில் துணி நழுவிவிடுமோ என்று படுத்த பிறகும் பயம். மழை நிற்கட்டும், மழை நிற்கட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வருஷம் மழை நிற்பதாக இல்லை.

செங்கோடன் அடுத்த வேலையைச் சொன்னான். பலாப்பழத்தின் காம்புப் பக்கம் வில்லையாக வெட்டியெடுத்து, உள்ளே குடைந்து, சாராயப் புட்டிகளைச் செருகி, வெட்டிய வில்லையைப் பலாப் பாலாலேயே ஒட்டிவிடுவது. காய்ச்சுவதும் ஒட்டுவதும் மலையில் அவனுடைய ஆட்கள். சுமந்து இறங்குவது இவள். பழவாசனையில் சாராய வாசனை அமுங்கிப்போகும். அடிவாரச் சாவடிப் போலீஸ்காரர்கள் மலைப்பெண்களைச் சோதிப்பதுமில்லை.

சோதிக்காததற்குக் காரணம் இருந்தது. மலைக்காரிகளைப் போலப் புடவை கட்டிக்கொண்டு சாராயம் கடத்திய கீழ்நாட்டுப் பெண்கள் சிலரைச் சாவடியில் பிடித்திருந்தார்கள். காட்டிக் கொடுத்தது அவர்கள் கையிலிருந்த பச்சைதான். அதிலிருந்து ஏட்டு அருணாசலம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வரிசையில் வருகிற பெண்கள் கையை நீட்ட வேண்டும். வெறுங்கை என்றால் மலைக்காரி, போகலாம். பச்சை இருந்தால் சுமையை இறக்க வேண்டும்.

இது செங்கோடனுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கையில் தேளைக் குத்த வைத்திருந்தான். "புண்ணுன்னு சொல்லு, உட்டுருவாங்க" என்றான் கூசாமல். மலைக்குத் திரும்ப வழியில்லாதவள் தன்னை விட்டு எங்கும் போக மாட்டாள் என்பது அவன் கணக்கு. அவனுக்கு வந்த காதல் அவ்வளவுதான், பாவி.

முதலில் சில நடை ஒன்றும் ஆகவில்லை. ஏட்டு கட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, போ போ என்பார். ஒவ்வொரு தடவையும் சாவடியைத் தாண்டியதும் பழத்தை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்கும் தலையில் பலாப்பழத்தோடு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் அதே மலையின் குண்டனி நாட்டுப் பெண் ஒருத்தி, தலையில் அதே மாதிரிப் பலாப்பழத்தோடு நின்றிருந்தாள். பொன்னாயி என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் கையை நீட்டினாள். இடது முன்கையில் மஞ்சள் துணிக்கட்டு.

சென்னம்மாள் தன் கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள இது?"

"தீப்புண்ணுங்க."

"மலையில எல்லாருமா அடுப்புல கைய உட்டுக்கிறீங்க? புண்ணுன்னா ஒரு ஈ கூடவா மொய்க்காது? அவுறு பாக்கலாம்."

பொன்னாயி அசையவில்லை. ஏட்டே துணியை இழுத்தார். தேள் தெரிந்தது. அதன் வாலில் இரண்டு கொடுக்கு.

"மலக்காரி கையில பச்சையா? வேசமா போட்டுக்கிட்டு வாரே?" பழத்தை இறக்கிக் கத்தியால் ஒரே போடு போட்டார். உள்ளே புட்டி உடைந்து சாராயம் மண்ணில் ஓடியது. சந்தைக்கு வந்த கூட்டம் சூழ்ந்துகொண்டது. "மத்தவங்க போங்க, வழிய உடுங்க!" என்று ஏட்டு கத்தினார். சென்னம்மாளை யாரோ பிடித்து முன்னால் தள்ளினார்கள். சாவடியைத் தாண்டிவிட்டாள். தப்பித்துவிட்டாள். இனி நேரே நடக்க வேண்டியதுதான்.

பின்னால் ஏட்டின் குரல் கேட்டது. "யாருக்குடி கொண்டுபோறே? சொல்லு!"

சென்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். பொன்னாயி வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் கூட்டத்தைத் தாண்டி வண்டிப்பேட்டைப் பக்கம் போயிற்று. அங்கே செங்கோடன் நின்றிருந்தான். பொன்னாயியை அவன் பார்க்கவே இல்லை. குனிந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, சென்னம்மாளைப் பார்த்து, சீக்கிரம் வா என்று கண்ணைக் காட்டினான். பழம் பத்திரமாக வந்துவிட்டதில் அவனுக்குச் சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. மழை நின்றாலும் சேலம் இல்லை என்று அப்போது புரிந்தது. அப்படியே நடந்து போயிருந்தால் கட்டும் பொய்யுமாக மலைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் பொன்னாயியின் முகத்தில் தன் முகத்தையே பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு எப்படி நடப்பது?

சாவடிக்குத் திரும்பி வந்து ஏட்டின் காலடியில் பழத்தை இறக்கினாள். அத்தனை பேர் பார்க்கக் கட்டை அவிழ்த்தாள். கூட்டத்தில் தேவனூர்க்காரர்களும் இருந்தார்கள்.

"அவ மலைக்காரிதானுங்க. நானும் மலைக்காரிதானுங்க. எங்களுக்கு இதக் குத்த வெச்சவன் அங்க நிக்கிறானுங்க. அவன் தோளுலயும் இதே தேளு இருக்குதுங்க. சட்டையக் கழட்டச் சொல்லிப் பாருங்க."

செங்கோடன் ஓடப் பார்த்தான். எப்போதும் ஒதுங்கி வழிவிடுகிற தெரு அன்றைக்கு ஒதுங்கவில்லை.

மூன்று பேருக்கும் ஜெயில். பெண்கள் இருவருக்கும் கொஞ்ச காலம், அவனுக்குக் கூடுதல். ஜெயிலுக்குள் பொன்னாயி ஒரு நாள் கேட்டாள், "உன்னய எந்த ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னான்?"

"சேலம்."

"எனக்கு ஈரோடு" என்றாள் பொன்னாயி. இரண்டு பேரும் சிரித்து, பிறகு அழுதார்கள்.

விடுதலை நாள் நெருங்க நெருங்கச் சென்னம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே போய் எந்தத் திசையில் நடப்பது என்று தெரியவில்லை. வாசலில் கொண்டுவந்து விட்டபோது, எதிரே புளியமரத்தடியில் அண்ணாமலை உட்கார்ந்திருந்தார். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். தேவனூர்க்காரர்கள் அன்றைக்கே மலையேறி எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் எழுந்து வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். அவள் கையை மெதுவாக முன்னால் இழுத்து, தேளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"புண்ணு ஆறிருச்சா கண்ணு?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆறலீன்னா கட்டோடவே இருக்கட்டும்" என்றார். மடியிலிருந்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புதுத் துணி ஒன்றை எடுத்து, தேள் தெரியாமல் அழுத்திச் சுற்றி முடிச்சுப் போட்டார். "ஊருல யாரு கேட்டாலும் தீப்புண்ணுதான். நானே பாத்தேன்னு ஊரு கூடுனப்பச் சொல்லிட்டேன், ஒருத்தரும் மறுத்துப் பேசல. நட, ஊட்டுக்குப் போலாம்."