அவளுடைய ஒரு மில்லி

அன்று கெமிஸ்ட்ரி ஆய்வகத்தில் துறைத்தலைவரும் என்னோடு படிக்கும் அவளும் நானும் இருந்தோம். வருவதாகச் சொன்ன கல்லூரி முதல்வர் வரவில்லை. எம்.எஸ்சி. முடிக்கப்போகும் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் ஆய்வக வகுப்பில் சோதனை செய்துகாட்டும் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் சேர்ந்துகொண்டிருந்த டைக்குரோமேட் கழிவைக் குறைக்க யார் நல்ல வழி சொல்கிறாரோ அவர் பெயரை அனுப்புவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். விஷக் கழிவு, கேன்கள் நிறைந்து வழியும் நிலை.

அவளுடைய அப்பா, அம்மா இருவரும் டீச்சர்கள். என் அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் கல்லூரி வாசல் மிதித்தவன் நான் மட்டும். துறைத்தலைவருக்கு அவள் வீட்டுப்பிள்ளை மாதிரி 'மக்கா'. நான் 'தம்பி'. அந்த வித்தியாசம் எனக்கு இரண்டு வருடமாக உறுத்தியது.

என் திட்டத்தில் ஒவ்வொரு கழிவுக்கும் தனிக் கேன், தனி லேபிள். படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவள் கையில் மருந்துக்கடையில் வாங்கிய ஒரு மில்லி சிரிஞ்சு இரண்டு. அவ்வளவுதான்.

"ரெண்டுபேரும் அயர்ன் எஸ்டிமேஷன் செஞ்சு காட்டுங்க," என்றார் துறைத்தலைவர். கரைசலில் இரும்பு எவ்வளவு என்று டைக்குரோமேட் விட்டு அளக்கும் சோதனை அது.

நீள அளவுக்குழாயான பியூரெட்டை டைக்குரோமேட்டால் இரண்டு முறை அலசிக் கொட்டினேன். மேல்வரை நிரப்பி, மிஞ்சியதைக் கொட்டிச் சைபர் கோட்டுக்கு இறக்கினேன். எங்கள் கல்லூரியில் சைபரில் தொடங்காதவன் கெமிஸ்ட்ரி படித்தவனே அல்ல. அவளோ ஒரு சிரிஞ்சால் இரும்புக் கரைசலைச் சோதனைக்குழாயில் எடுத்து, மற்றதிலிருந்து டைக்குரோமேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவள் கணக்கு தப்பவேண்டும் என்று மாதாவிடம்கூட வேண்டிக்கொண்டேன்.

தப்பவில்லை. இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றுதான். என் கழிவு பீக்கரை நிறைத்தது. அவளுடையது சோதனைக்குழாயின் அடியில் கிடந்தது.

"தம்பி, நீ கழிவ அடுக்கி வைக்க வழி சொல்லுதே. இவ அது உண்டாகாம இருக்க வழி சொல்லுதா. கொள்ளாம் மக்கா!" என்று மெச்சினார் துறைத்தலைவர்.

அவள் என்னிடம், "இருக்க கேனயெல்லாம் பிரிக்கண்டாமா? அதுக்கு ஒனக்க லேபிள் வேணும்லா," என்றாள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேலை அவளுக்குப் போனது. வகுப்புக்குச் சிரிஞ்சு வாங்கும் வேலை எனக்கு வந்தது. பக்கத்து ஊரான கொட்டாரத்தில் மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

"ஏலே, இவ்வளவு சிரிஞ்சு யாருக்குடே? காலேஜுல ஆஸ்பத்திரி தொறந்தாச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல யோசனையாக்கும். ஒனக்கதா?"

"எங்க டிப்பார்ட்மெண்டுக்க யோசனை," என்றேன். அவளுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

பில்லை வாங்கிப் பையில் வைத்தேன். கழிவைக் குறைக்க எங்கள் துறைக்கு ஆன மொத்தச் செலவு நானூற்று முப்பது ரூபாய்.