மாஸ்கிங் டேப்பும் பெல்லட் ஸ்டவ்வும்

சாமான் அடுக்கி வர்ற பேலட் பலகை ஈரமா எரியும்போது ஒரு வாசனை வரும்... பாதி பிசின், பாதி டீசல். இன்னைக்கும் அது மூக்குல ஏறுனா எனக்கு முதல்ல வர்றது கோபம்தான்.

ராஸ் அல் கைமா மலை மேல ரோடு வேலை நடந்தப்போ நான் அங்க பெயின்டர். கேம்ப்பும் மலை மேலயேதான். தகரப் பெட்டி மாதிரி ஒரு போர்ட்டா கேபின்ல ஆறு பேர்.

கல்ஃப்னா வெயில்னு நம்பி வந்த கூட்டம் நாங்க. பெட்டியில ஊறுகா இருந்துச்சு, முறுக்கு இருந்துச்சு, நாலு கைலி இருந்துச்சு... ஒருத்தன்கிட்டயும் ஸ்வெட்டர் இல்ல. ஜனவரியில பல்லு தந்தியடிச்சுது.

கேபின்ல ஏசி உண்டு, குளிர வைக்க மட்டும். ஹீட்டர் கேட்டா லோடு தாங்காதுன்னுட்டார் கேம்ப் பாஸ். அவர் ஆபீஸ்ல மட்டும் ஹீட்டர் ஓடும். அந்த லோடு தாங்கும் போல!

அதனால காலி பெயின்ட் டின்ல உடைஞ்ச பேலட்டை எரிப்போம். புகை அடங்கி கங்கானதும் டின்னை உள்ள தூக்கி வச்சுக்குவோம். புகைதானே ஆபத்து, கங்கு என்ன பண்ணும்னு நினைப்பு. ஊர்ல பிள்ளை பெத்த வீட்ல கணப்புச் சட்டி வைக்கிறதில்லையா... அந்த ஓட்டு வீட்ல ஆயிரம் சந்து இருந்துச்சுங்கிறது யாருக்கும் தோணல.

எங்க கேபின்ல இருந்ததே ஒரு சந்து, ஏசி ஓரத்துல. அதையும் மாஸ்கிங் டேப் போட்டு அடைச்சேன். பெயின்டர் கை இல்லையா, ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டுனேன். ரூமே பாராட்டுச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள், மழை. என் கீழ் கட்டில்ல படுக்கிற செல்வத்துக்குக் காய்ச்சல். அறந்தாங்கிக்காரன். மத்தவங்க எல்லாம் மெஸ்ல இருந்தாங்க. டின்னை அவன் பக்கத்துல வச்சுட்டு கஞ்சி வைக்கக் கிளம்புனேன்.

"கதவ நல்லா சாத்திட்டுப் போ மாப்ள"ன்னான்.

நல்லாவே சாத்துனேன்.

கஞ்சியோட வந்து கூப்பிட்டா பதில் இல்ல. உலுக்குனா தலை தொங்குது. நான் போட்ட சத்தத்துல மெஸ்ல இருந்தவங்க ஓடி வர, கம்பளியோட மழையில இழுத்துப் போட்டோம். கொஞ்ச நேரம் கழிச்சு வாந்தி எடுத்தான், அப்புறம்தான் கண்ணைத் திறந்தான். கங்குல இருந்து வர்ற விஷ வாயுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வாசனையே இருக்காதாம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவ்வளவுதானாம்.

இனியாவது ஹீட்டர் வரும்னு நினைச்சோம். வந்தது செல்வம் பேர்ல ஒரு வார்னிங் லெட்டர்! நெருப்பு வைக்கக் கூடாதுன்னு சுவத்துல ஒரு நோட்டீஸ். குளிருக்கு என்ன பண்றதுன்னு அதுல ஒரு வரி இல்ல. கேட்டதுக்குக் கேம்ப் பாஸ் சொன்னது இதான்... "நெருப்பு மாஃபி. கலாஸ்." நெருப்பு கிடையாது, பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

 நான் வாயைத் திறக்கல. அந்தச் சந்தை டேப் போட்டு அடைச்சவன் நான், லெட்டர் வாங்குனவன் அவன்...

இப்போ அதே மலையில டூரிஸ்ட்டுங்க தங்குற குட்டிக் குட்டி கேபின். நான் மெயின்டனன்ஸ். ஒவ்வொரு கேபின்லயும் பெல்லட் ஸ்டவ். மரத்தூளை அழுத்தி மாத்திரை மாதிரி பண்ணியிருப்பாங்க, அதைக் கொட்டிவிட்டா தானா எரியும். காலையில சாம்பல் அள்ளுறது என் டூட்டி.

மூட்டையில போட்டிருக்கு, மரக்கழிவுல செஞ்சதாம். நாங்க எரிச்சதும் மரக்கழிவுதான்யா! வித்தியாசம் என்னன்னா, இதுக்கு வாயு வெளிய போக ஒரு குழாய் இருக்கு. சுவத்துல உள்ளங்கை அளவு அலாரம் இருக்கு, விஷ வாயு வந்தா கத்தும். ஒரு குழாய், ஒரு அலாரம்... இவ்வளவுதான் செல்வத்துக்கு இல்லாமப் போச்சு.

பின்னாடி ஸ்டாஃப் கேபின்ல ஸ்டவ்வும் இல்ல, ஹீட்டரும் இல்ல. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு அங்க ஒட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்தார். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனுஷன்தான். படிச்சா... ரூமுக்குள்ள நெருப்பு வைக்கக் கூடாது. லேமினேட் பண்ணியிருக்கு, அதுதான் இத்தனை வருஷத்துல வந்த முன்னேற்றம்.

இந்தத் தடவை வாயைத் திறந்தேன். "முதல்ல ஹீட்டர மாட்டுங்க சார். அது பக்கத்துலயே ஒட்டுறேன்."

பார்க்கலாம்னார். நோட்டீஸ் என் டூல் பாக்ஸ்லயே கிடக்கு.

நேத்து ஸ்டாஃப் கேபினுக்குப் போனா, ஏசி ஓரத்துல யாரோ டேப் ஒட்டியிருக்காங்க. அழகா, ஒரு சுருக்கம் இல்லாம. பிச்சு எறிஞ்சேன். "குளுருதுண்ணே"ன்னானுங்க அங்க தங்குற பசங்க.

 வெளிய வந்து டூரிஸ்ட் கேபின் ஸ்டவ்வுக்குப் பெல்லட் கொட்டுனேன்.