என் மகள் ஜெபக் குறிப்பான வாரம்

எங்கள் சபையில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற ஒரே வழி, அதற்காக யாரையும் ஜெபிக்கச் சொல்லாமல் இருப்பதுதான். சொன்னால் போதகர் காதில் விழும். அவர் காதில் விழுந்தது அவர் மனைவிக்குப் போகும். அங்கே அதற்கு ‘ஜெபக் குறிப்பு’ என்று பெயர் சூட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். அரை மணி நேரத்துக்குள் நூறு பேர் கூப்பிய கைப் படத்தை அனுப்புவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று கேட்பார்கள். எங்கள் சபையின் வாய் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற வாய், அதை எந்த மூடியும் ஒன்றும் செய்ய முடியாது. இதெல்லாம் தெரிந்த நானே போய்ச் சொன்னேன் என்பதுதான் விஷயம்.

ஆனையூரில் தகரக் கூரை போட்ட சிறிய ஆலயம் எங்களுடையது. நாற்பது குடும்பங்கள் இருக்கும். அதில் வசதி வந்தவர்கள் கே.கே. நகருக்குக் குடிபோய்விட்டார்கள். வீட்டை மாற்றினார்களே தவிர, கமிட்டியை விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறுதோறும் காரில் வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்தைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கமிட்டியில் நானும் ஒருவன். அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருப்பவனுக்குத் தீர்மானம் எழுத வரும் என்று சேர்த்துக்கொண்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைத் தவிர அந்த அறையில் எனக்கு வேறு மரியாதை கிடையாது.

மே மாதம் வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி. அக்னி நட்சத்திரத்தில், தகரத்துக்குக் கீழே, பத்து நாள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எண்பது பிள்ளைகள். அந்த வருடத்துக்குத் தலைப்பு ‘இயேசுவோடு விண்வெளிப் பயணம்’. ஃபிளக்ஸில் ஒரு ராக்கெட், அதன் ஜன்னலில் போதகரின் முகம். செயலாளரின் முகம் நெருப்பு கக்கும் வால் பக்கம் அமைந்துவிட்டது. அதற்காக அவர் ஃபிளக்ஸ் கடைக்காரரோடு ஒரு வாரம் பேசவில்லை. பாட்டும் கதையும் வசனமும் முடிந்து சுண்டலும் ஆரஞ்சு ஜூஸும் கொடுப்போம். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். காலையில் குலசாமி படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு இங்கே வந்து அல்லேலூயா பாடும். மூன்று மணி நேரம் பிள்ளை வெயிலில் அலையாமல் இருக்கும் என்பது பெற்றவர்களின் கணக்கு. நல்ல கணக்கு. எங்கள் ஆட்கள் இதற்கு ‘ஆத்தும அறுவடை’ என்று பெயர் வைத்து, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள்.

என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு ஆகச் சின்ன வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை இருபத்துமூன்று உருப்படிகள். பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே நடுங்குகிறவள், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உருண்டு சிங்கமாகக் கர்ஜித்தாள். யோனாவை விழுங்கிய மீனை என் பழைய சாக்ஸில் தைத்திருந்தாள். நிறைவு ஞாயிறன்று அத்தனை பிள்ளைகளையும் மேடையேற்றி ஒரு பாட்டுப் பாடவைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட அந்தப் பாட்டுக்கான கை அசைவுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடம் கணக்கோடு மல்லுக்கட்டிச் சுருங்கிப்போயிருந்த பிள்ளை நிமிர்ந்து நடந்ததை அந்த நாலு நாளில்தான் பார்த்தேன்.

நாலாம் நாள் காலை தேர்வு முடிவு வந்தது. கணக்கில் தோல்வி. ஆலய வாசலில் நின்று போனில் பார்த்தவள், குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, உள்ளே போய் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தாள்.

என் மனைவி கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போனில் அழுதுவிட்டுச் சொன்னாள்: “யார்ட்டயும் சொல்லிராதீங்க. முக்கியமா போதகர் ஐயாகிட்ட சொல்லிராதீங்க.”

சரி என்றேன். பதினோரு மணிக்குப் போதகரிடம் சொன்னேன். மனதில் இருந்த பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடினேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு நாக்கில் எலும்பில்லை. அவர் என் தோளைத் தட்டி, “இது நமக்குள்ள இருக்கட்டும் தம்பி” என்றார். இரண்டு மணிக்குக் குழுவில் வந்துவிட்டது. ‘நம் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் மகள் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் தோல்வி. பெயர் வேண்டாம். பாரத்தோடு ஜெபிக்கவும்.’ கமிட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு மகள் உள்ளவன் நான் ஒருவன்தான். சாயங்காலத்துக்குள் பதினாறு பேர் கூப்பிட்டு, எம்புட்டு மார்க்கில் போனது என்று விசாரித்தார்கள். எத்தனை மார்க் குறைந்தது என்று தெரியாமல் ஜெபம் ஏறாது போலிருக்கிறது.

மறுநாள் காலை எண்பது பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது பெண்கள் ஐக்கியத்தின் தலைவி மைக்கை வாங்கினார். கண்ணை இறுக மூடினார்.

“ஆண்டவரே, இங்க நிக்கிற உம்முடைய மகளைப் பாரும். கணக்குப் பாடத்துல தோத்துப்போயி, தலைகுனிஞ்சு நிக்கிறா ஆண்டவரே. இந்த நிந்தையை மாத்தும்.”

ஒலிபெருக்கி தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தது. அதுவரை அவள் தலைகுனியவில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஜெபம் முடிந்ததும் வரிசையில் முதலில் நின்ற பொடியன் அவள் சுடிதாரை இழுத்து, “அக்கா, நீங்க ஃபெயிலா?” என்று கேட்டிருக்கிறான்.

“ஆமாடா, ஒரு பாடத்துல. நீ வசனத்தைச் சொல்லு” என்றாளாம். அதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவசரக் கமிட்டி. பத்துப் பேர், ஒரு மின்விசிறி. செயலாளர் தொண்டையைச் செருமினார். “பிள்ளைக்கு எதிரா ஒண்ணும் இல்ல தம்பி. அவ நம்ம பிள்ளை. ஆனா வெளிப் பிள்ளைக வருது பாருங்க. ஃபெயிலான பிள்ளை பாடம் எடுக்குதுன்னு நாலு பேரு பேசுனா, சபையோட சாட்சி, நல்ல பேரு எல்லாம் கெட்டுப்போகும்ல?”

வெளியே தெரிந்ததே எங்கள் மைக்கால்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. யோனாவை மீன் விழுங்கியதைச் சொல்லிக்கொடுக்க எந்தச் சூத்திரம் வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பை மூன்று தவணையில் முடித்த பொருளாளர், கல்வியின் மேன்மையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் மந்தையையே ஒப்படைத்த மதம் எங்களுடையது. கணக்கில் ஒரு முறை தோற்றவளிடம் இருபத்துமூன்று பிள்ளைகளை விடக் கூடாது என்று எங்கள் கமிட்டி அன்றைக்கு முடிவு செய்தது. ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார் போதகர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கை உயர்த்தினேன். அதன் பிறகு மற்ற கைகள் நிம்மதியாக மேலே போயின.

மகளுக்காகப் பேசினால் பாரபட்சம் என்பார்களே என்று பயந்தேன் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று உண்டு. எனக்கு என் மகளால் வெட்கமாக இருந்தது. அந்தப் பத்துப் பேர் முன்னால், இவள் தோற்றதில் எனக்குப் பங்கில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கையைத் தூக்கியதோடு நிற்கவில்லை, ‘மாணவியின் படிப்பு நலன் கருதி’ என்று தொடங்கித் தீர்மானத்தையும் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

வீட்டில் சொன்னேன்: “கமிட்டில முடிவாயிருச்சும்மா. நீ துணைத்தேர்வுக்குப் படிக்கணும்ல.”

“நீங்க இருந்தீங்களாப்பா?”

“இருந்தேன். அம்புட்டுப் பேரும் ஒரே பேச்சா நிக்கும்போது நான் என்னத்தம்மா சொல்ல?”

அவள் என்னை நம்பினாள். உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள், அடுத்து வரும் டீச்சருக்காக. ஒருத்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால்தான் அழமாட்டாள். ஒருத்தனுக்கு ‘ர’ வராது, சிரிக்க வேண்டாம். இரட்டையர் இருவரையும் பிரித்து உட்காரவைக்கக் கூடாது. ஒரு பிள்ளை தன் சுண்டலைத் தம்பிக்குப் பொட்டலம் கட்டும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இப்படி இருபத்துமூன்று பேருக்கும் எழுதியிருந்தாள். சாக்ஸ் மீனையும் சேர்த்துக் கொடுத்தாள். மறுநாள் அதையெல்லாம் நானே கொண்டுபோய்ப் புதிய டீச்சரிடம் கொடுத்தேன். புதிய டீச்சர் செயலாளரின் மருமகள். எம்.ஃபில். படித்தவர். காகிதத்தை வாங்கி மேசையில் வைத்து, அதன் மேல் ஜூஸ் ஜாடியை வைத்தார். அன்று ஒன்பது பிள்ளைகள் அழுதன. அதற்கடுத்த நாள் ஏழு பிள்ளைகள் வரவே இல்லை. பிசாசின் போராட்டம் என்று செயலாளர் விளக்கம் சொன்னார்.

நிறைவு ஞாயிறு வந்தது. தேர்வு முடிவு வந்த பின் ஒரு ஞாயிறன்று, பாஸான பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, மார்க்கை வாசித்துக் கைதட்டுவது எங்கள் சபை வழக்கம். தோற்ற பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் ஊரில் இருக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு சித்தி வீட்டுக்குப் போயிருப்பார்கள். இந்த முறை இரண்டு விழாவையும் ஒன்றாக வைத்துவிட்டார்கள். நானும் மகளைத் திருமங்கலத்துச் சித்தி வீட்டுக்குப் போய்வரச் சொன்னேன்.

“அங்க எதுக்குப்பா? அவங்க வீட்டுலயும் ஒருத்தன் ஃபெயிலு” என்றாள். கிளம்பி எங்களோடு வந்துவிட்டாள்.

சின்னப் பிள்ளைகள் மேடையேறின. பதினாறு பேர் இருந்தார்கள். பாட்டு எங்கேயோ போனது, கைகள் எங்கேயோ போயின, ஒரு பிள்ளை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டது. என் மகள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சபை பலமாகக் கைதட்டியது. மார்க் வாசிப்பும் முடிந்தது. பிறகு போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி, கடவுள் கேட்டார் என்று ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன பகுதியை வாசித்தார். அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“நம்ம நடுவுலயும் ஒரு ஆபிரகாம் இருக்காரு” என்றார். “சொந்த மகளோட காரியம் கமிட்டிக்கு வந்தப்ப, மத்த ஒன்பது பேரும் தயங்கி நின்னோம். அவரு ஒருத்தர்தான் முதல்ல கையைத் தூக்குனாரு. பிள்ளையைவிட சபையோட சாட்சிதான் பெருசுன்னு காட்டுனாரு. எந்திரிங்க தம்பி.”

எழுந்தேன். நூறு பேர் ஆமென் சொன்னார்கள். செயலாளர் வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மே மாதத்து வெயிலில், தகரத்துக்குக் கீழே, மகளைக் கைவிட்டதற்காகச் சால்வை போர்த்தப்பட்ட ஆள் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் மனைவி என் வண்டிக்குக் காத்திராமல் பஸ் ஏறி டியூட்டிக்குப் போய்விட்டாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். மகள் ஏறவில்லை.

“முதல்ல நீங்கதான் தூக்குனீங்களாப்பா?”

“நான் தூக்காட்டியும் எல்லாரும் தூக்கியிருப்பாங்கம்மா.”

“வேணாம்னு ஒருத்தர்கூடவா சொல்லல?”

கூட்டத்தைப் பற்றி மேலே எழுதும்போது ஓர் ஆளை விட்டுவிட்டேன். அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்திலும் விட்டுவிட்டேன். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, கமிட்டிக்கு டீ வாங்கிவரும் கோயில்பிள்ளைதான் அது. நான் கை தூக்குவதற்குச் சற்று முன்னால், டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “அந்தப் பாப்பா வராட்டி சின்னதுக அழுகுமேய்யா. இருந்துட்டுப் போகட்டும்யா” என்றார். அவருக்கு அந்த அறையில் ஓட்டு கிடையாது. யாரும் அவர் பேசியதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் நின்றது என் நாற்காலிக்குப் பக்கத்தில்.

“ஒருத்தர் சொன்னாரு. கோயில்பிள்ளை” என்றேன்.

“அதுக்கு நீங்க என்னப்பா சொன்னீங்க?”

ஒரு வாரமாக அவளிடம் வாய்கூசாமல் பாதி உண்மையே சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அந்த இடத்தில் பொய் வரவில்லை.

“டீயை வச்சுட்டு வெளிய போகச் சொன்னேன்.”

இத்தனை பேரையும் இளப்பமாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வாசலில் என்னைவிட இளப்பமான ஆள் வேறு யாரும் நிற்கவில்லை. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

“நீங்க போங்கப்பா. நான் பஸ்ல வாரேன்.”

உள்ளே கோயில்பிள்ளை தனியாக ஒரு பெஞ்சைச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அதன் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.