என் லேப்டாப்புக்கு அப்பாவின் அனுமதி

கல்யாணமாகி, மூன்று வயதுப் பெண்ணுக்குத் தாயாகவும் ஆகிவிட்ட ஒருத்தியின் லேப்டாப்பில் எதைத் திறக்கலாம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதை அவளுடைய அப்பா முடிவு செய்யலாமா?

யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்... இன்னும் பதில் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே பாருங்கள்.

மகள் மித்ரா பிறந்தபோது விட்ட வேலைக்குப் பதிலாக, இப்போது ஒரு வேலை கூடி வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தர வேண்டும். ஹெப்பகோடியில் எங்கள் வீட்டிலிருந்தே, மித்ரா பிளே ஸ்கூலில் இருக்கும் நேரத்தில் செய்தால் போதும். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்கு முன் ஒரு டெமோ கிளாஸ். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அது நன்றாகப் போனால் வேலை எனக்கு. இல்லையென்றால்...? அந்த 'இல்லையென்றால்' உடன்தான் ஒரு வாரம் குடித்தனம் நடத்தினேன்.

பழைய லேப்டாப்புக்கு மித்ரா ஒரு நாள் அன்போடு பால் ஊட்டிவிட்டாள். அது அன்றைக்கே கண்ணை மூடிவிட்டது. ஆகவே, புதிதாக ஒன்று வாங்கினோம்.

புது லேப்டாப் வந்த அன்று நான் அதைத் தொடவில்லை. முதலில் படித்தேன். புது லேப்டாப்பைப் பாதுகாப்பாக ஆரம்பிப்பது எப்படி என்று போனில் ஒரு கட்டுரை. அது சொல்வதை மறுக்கும் இன்னொரு கட்டுரை. இரண்டையும் திட்டும் ஒரு வீடியோ. மெத்தையில் வைத்தால் சூடாகும். சுவரிலிருந்து நேராக கரண்ட் கொடுத்தால் ஆபத்து. அப்டேட் போடாமல் எதையும் திறக்காதே. பாஸ்வேர்டில் குழந்தை பெயரை வைக்காதே. நான் மனதுக்குள் அதைத்தான் முடிவு செய்து வைத்திருந்தேன்!

கேமராவை மூடி வைக்கவேண்டும் என்று மூன்று பேருமே சொன்னார்கள். எதை வைத்து மூடுவது? கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து கேமரா மேல் ஒட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மெரூன் கலர். லேப்டாப்புக்கும் எடுப்பாகத்தான் இருந்தது.

என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பார்ப்பவர். பொருளில் ஒரு கீறல் இருந்தால் திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. அவரே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கவி, மித்ரா பொறந்தப்பகூட நீ இவ்ளோ படிக்கல."

"அப்பவும் படிச்சேங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரி... ஆரம்பித்தேன். மொழி கேட்டது. நாடு கேட்டது. பெயர் கேட்டது. பிறந்த தேதி கேட்டது. எல்லாவற்றையும் கொடுத்தேன். கடைசியில் ஒரு பக்கம் வந்தது. பெற்றோர் ஒருவருடைய மெயில் முகவரி வேண்டுமாம்.

இங்கேதான் நீங்கள் நிமிர்ந்து உட்காரவேண்டும். நான் நிமிரவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், 'பரவாயில்லையே, எவ்வளவு பொறுப்பான மெஷின்!' என்பதுதான். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டார்கள், காலேஜில் கேட்டார்கள், பேங்கில் கேட்டார்கள். லேப்டாப்பும் கேட்கிறது. நம்மைப் போன்ற பெண்கள் இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். கணவரைப் போட முடியாது. வேலை நேரத்தில் அவர்கள் போனையெல்லாம் லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே, அப்பாவின் மெயிலைக் கொடுத்தேன்.

அப்பா மாநில அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீவனஹள்ளியில் அம்மாவோடு இருக்கிறார். உடனே போன் செய்தார்.

"பாப்பா, ஏதோ கன்சென்ட் கேட்டு வந்திருக்கு."

"செக்யூரிட்டிக்குப்பா. ஓகே அழுத்திடுங்க."

"சும்னே அழுத்த முடியுமா? படிச்சுப் பாத்துட்டு அழுத்தறேன்."

'சும்னே' என்றால் கன்னடத்தில் சும்மா. கன்னட ஃபைல்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர். தமிழிலேயே அவருக்கு அந்தச் சொல் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்! நான் மித்ராவைக் குளிப்பாட்டி, சாதம் ஊட்டி முடித்த பிறகுதான் அப்பா அழுத்தினார். முழுவதும் படித்திருக்கிறார். நான் படிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. கேமரா, மைக் எல்லாவற்றையும் முதல் நாளே சோதித்துவிட்டு, பொட்டைத் திரும்ப ஒட்டி வைத்திருந்தேன். வகுப்புக்கான லிங்க் மட்டும் அன்று காலையில்தான் வந்தது. லேப்டாப்பில் மட்டுமே சேர முடியும், போனில் முடியாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள். மித்ராவை பிளே ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, பத்தரை மணிக்கு அந்த லிங்க்கை அழுத்தினேன்.

திரையில் ஒரு பொம்மைக் கரடி வந்தது.

'இதைப் பயன்படுத்தப் பெரியவர்களின் அனுமதி வேண்டும். உன் பெற்றோரிடம் கேட்கலாமா?' என்றது அந்தக் கரடி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடிவிட்டுத் திறந்தேன். கரடி அங்கேயே இருந்தது. லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். கரடி முன்பைவிட உற்சாகமாகக் கையாட்டியது. வேறு வழி? 'கேள்' என்ற பட்டனை அழுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, ஒரு ரிக்வெஸ்ட் வந்திருக்கா?"

"வந்திருக்கு. ஆனா பர்ப்பஸ் காலியா இருக்கு."

"அப்பா... அதெல்லாம் வேணாம்ப்பா. அலவ்னு இருக்கும் பாருங்க, அத அழுத்துங்க."

"இரும்மா. வீடியோ மீட்டிங் ஆப்னு போட்டிருக்கு. மித்ராவுக்கு எதுக்கு மீட்டிங்?"

"மித்ராவுக்கு இல்லப்பா, எனக்கு! டெமோ கிளாஸ்!"

"உன் பேருதான் இருக்கு. ஆனா வயசு மூணுன்னு இருக்கே?"

அந்த நிமிடம்தான் எல்லாம் புரிந்தது.

மூன்று வருடமாக நான் நிரப்பிய எல்லாப் படிவத்திலும் ஒரே பிறந்த தேதிதான். தடுப்பூசிக்கு, ஆதாருக்கு, பிளே ஸ்கூலுக்கு... எல்லாம் மித்ராவுடையது. பிறந்த தேதி என்று ஒரு கட்டத்தைக் கண்டாலே என் விரல்கள் என்னைக் கேட்பதில்லை. அவள் தேதியைப் போட்டுவிடுகின்றன. அன்றும் போட்டிருக்கின்றன. ஆகவே இந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை நான் மூன்று வயதுக் குழந்தை. என் பாதுகாவலர், ஓய்வு பெற்ற சூப்பரின்டென்டென்ட்.

"அப்பா, தப்பா போட்டுட்டேன். அப்புறம் மாத்தறேன். இப்ப அழுத்துங்க, ப்ளீஸ்!"

"நான் அப்ஜெக்‌ஷன் சொல்லலம்மா. கிளாரிஃபிகேஷன்தான் கேக்கறேன். தப்புன்னு தெரிஞ்சும் சாங்ஷன் பண்ணினா, நாளைக்கு யாராவது கேட்டா..."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "யாரு கேக்கப் போறாங்க? ரிடையர் ஆயி எவ்ளோ வருஷம் ஆச்சு! பொண்ணு அழுவா போல இருக்கு, அழுத்துங்களேன்!"

நான் உண்மையிலேயே அழும் நிலையில்தான் இருந்தேன். நேரத்துக்குச் சேராவிட்டால் வேலை தருபவர்கள் என்னை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். கடிகாரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றேன். "பர்ப்பஸ் எழுதிக்கோங்க. நான் மறுபடி வேலைக்குப் போகணும்."

அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆய்த்து," என்றார் அப்பா. முடிந்தது என்று அர்த்தம். "அழுத்திட்டேன். டைம் லிமிட் கேக்குது. ஒரு மணி நேரம் போதுமா?"

"போதும்ப்பா!"

"எக்ஸ்டென்‌ஷன் வேணும்னா முன்னாடியே அப்ளை பண்ணு."

கரடி மறைந்தது. மணி சரியாகப் பதினொன்று. உள்ளே நுழைந்தால் ஆறு குழந்தைகள், இரண்டு பெரியவர்கள். என் கட்டம் மட்டும் ஒரே கறுப்பு.

"மேம், உங்க வீடியோ வரல," என்றாள் ஒரு பெண்.

செட்டிங்க்ஸைத் திறந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்து எதை அழுத்துவது? இதற்கும் அப்பாவிடம் கேட்கவேண்டுமா? அப்போதுதான் திரைக்கு மேலே மெரூன் கலரில் அது என்னைப் பார்த்தது. பொட்டு!

சட்டென்று உரித்தேன். எங்கே வைப்பது? பதற்றத்தில் என் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டேன். அதைத்தான் அந்த எட்டுப் பேரும் முதன்முதலில் பார்த்தார்கள்: திடீரென்று ஒரு முகம் தோன்றி, தனக்குத் தானே பொட்டு வைத்துக்கொள்வதை.

ஒரு குழந்தை சிரித்தது. பிறகு ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என்ன செய்வது? "கேமராவ பொட்டு வச்சு மூடியிருந்தேன்," என்று உண்மையைச் சொன்னேன். பாதிப் பொட்டு கேமராவில் இருந்தால் எவ்வளவு தெரியும், கால் பொட்டு இருந்தால் எவ்வளவு தெரியும் என்று ஒரு பையன் ஆரம்பிக்க... அன்றைய பாடம் பின்னங்கள்தான்! நான் தயாரித்து வைத்திருந்த கேக் படத்தைத் திறக்கவே இல்லை. நாற்பது நிமிடமும் பொட்டிலேயே ஓடியது.

மாலையில் மெயில் வந்தது. வேலை எனக்கு!

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களை இவ்வளவு தூரம் இழுத்திருக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். மித்ரா சாப்பிட்டாளா, மழை உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் சொன்னார்.

"உங்கம்மாவும் உன்ன வீட்ல விட்டுட்டு வேலைக்குப் போனவதான். சாயங்காலம் அவ வந்தா நீ வாசலுக்கு ஓடுவ. ஒரு நாளும் நீ அவள மறக்கல பாப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அம்மா வேலைக்குப் போனால் குழந்தை ஏங்கிப்போகுமா' என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கணவரிடம்கூட. லேப்டாப்பில் மட்டும்தான் தேடினேன். ஒரு முறையா? விதவிதமான வார்த்தைகளில் தேடியிருக்கிறேன்.

ஆமாம்... குழந்தை வாரம் முழுக்க என்ன தேடியது, எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தது என்று அந்தப் பொறுப்பான மெஷின் பெற்றோருக்கு ரிப்போர்ட் அனுப்புகிறதாம். அப்பா அதையும் முழுக்கப் படித்திருக்கிறார்.

கோபம் வந்ததா? வந்தது. கேமராவுக்குப் பொட்டு வைத்து, பாஸ்வேர்டில் யாரும் யூகிக்க முடியாத குறிகளையெல்லாம் சேர்த்து, ஊர் உலகத்திடமிருந்து லேப்டாப்பைக் காப்பாற்றியவள், வாசல் கதவை நானே திறந்து வைத்திருக்கிறேனே! ஆனால் போனை வைத்த பிறகு அன்று மதியம் நான் நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கேள்விக்கு எத்தனையோ நிபுணர்கள் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவராவது என் அம்மாவைப் பார்த்தவரா?

பிறந்த தேதியை மாற்றுவது எப்படி என்று என் கணவர் கண்டுபிடித்துவிட்டார். சுலபம்தான். ஆனால் மாற்றுவதற்குப் பெற்றோர் சம்மதிக்கவேண்டுமாம்! 'நான் பெரியவளாகிவிட்டேன்' என்று அப்பாவுக்கு ஒரு ரிக்வெஸ்ட் போகும். அவர் அலவ் அழுத்தவேண்டும். அழுத்துவார். மறுக்கிற மனிதர் இல்லை.

அனுப்பும் பட்டன் மேல் விரலை வைத்துவிட்டு, எடுத்துவிட்டேன். பலமுறை. மித்ராவுக்கு இதெல்லாம் ஒரே கொண்டாட்டம். அம்மாவுக்கும் தன் வயதுதான் என்று நம்புகிறாள். நான் லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"தாத்தாகிட்ட கேட்டியா?"

"கேட்டுட்டேண்டி."

"குட் கேர்ள்."

வாசகர்களே, இனி உங்கள் பாடு. அந்த ரிக்வெஸ்டை நான் அனுப்பலாமா, இன்னும் கொஞ்ச நாள் மூன்று வயதிலேயே இருந்துவிட்டுப் போகலாமா? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்ன செய்தீர்கள்? கட்டாயம் மெயில் எழுதுங்கள்.

எழுதும்போது பர்ப்பஸ் என்னவென்று மேலேயே போட்டுவிடுங்கள். அப்பா கேட்பார்.