வட்டத்துக்குள் டிபன் பாக்ஸ்

அண்ணியின் மெஸ்ஸில் டிவி எப்போதும் ஓடும், ஆனால் சத்தம் இருக்காது. செய்தி வாசிப்பவரின் வாய் அசையும், கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பையன்கள் அந்த வாய்க்கு வசனம் பேசுவார்கள். கோட் போட்ட ஒருவர் மிகவும் கவலையாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, "இன்றைய சாம்பாரில் கத்தரிக்காய் மட்டுமே மிதப்பதாக நமது செய்தியாளர் தெரிவிக்கிறார்" என்பான் ஒருவன். அண்ணி கரண்டியைக் காட்டி மிரட்டுவார். அவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்திலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது அந்தக் கட்டடம். கீழே மெஸ், மேலே லாட்ஜ். என் அண்ணன் இறந்த பிறகு அண்ணி தனியாகவே மெஸ்ஸை நடத்தினார். லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள். ஒரகடத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் லைனில் நின்று வேலை பார்ப்பவர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் அறைக்குப் போவதற்கு முன்பு மெஸ்ஸுக்குத்தான் வருவார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். ஊரடங்கு வந்ததும் விளம்பரம் நின்றது, பக்கங்கள் குறைந்தன, எங்கள் வட்டாரச் செய்திக்கு இடமில்லாமல் போனது. எழுதி அனுப்ப ஒன்றும் இல்லாததால் அண்ணியின் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் லாரிச் சத்தமே இல்லை. வெங்காயத்தோல் உரிபடும் சத்தம்கூடக் கேட்டது.

செய்திகளைப் பற்றி அண்ணிக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. நான் அந்தத் தொழிலில் இருப்பதால் அவற்றை என்னிடமே சொல்வார். ஒரு நாள் காலையில் சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வரும் என்று சிவப்புப் பட்டையில் ஓடியது. அன்று மாலை மளிகைக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தவர், பையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"காலைல டிவில எண்ணெய் இல்லன்னான். அப்ப கடைல இருந்திச்சி. சாய்ந்தரம் கடைலயும் இல்ல. சொன்ன சொல்ல காப்பாத்திட்டான் தம்பி."

உண்மையிலேயே கிடைக்காமல் போனவை டிவியில் வரவே இல்லை. உளுந்து வரவில்லை, அதனால் இட்லி நின்றது. பார்சல் டப்பா வரவில்லை. மாறாக, கல்யாணங்கள் நின்றுபோனதால் வாழையிலை கேட்பாரற்றுக் கிடந்தது. இலைக்காரர் கட்டுக்கட்டாக வாசலில் போட்டுவிட்டுப் போவார். பொங்கல், எலுமிச்சைச் சோறு, முருங்கைக்கீரைக் கூட்டு என்று கிடைத்ததை வைத்து அண்ணி பட்டியலை மாற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் கூட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. அன்று அதைத் திட்டாத பையன் இல்லை.

உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, வாங்கிக்கொண்டு போகலாம் என்றது உத்தரவு. அண்ணி சுண்ணாம்பு கரைத்துத் தெருவில் இடைவெளி விட்டு வட்டங்கள் போட்டார். முதல் நாள் பையன்கள் வட்டத்துக்குள் ஒழுங்காக நின்றார்கள். சித்திரை வெயில். மறுநாளே ஆளுக்கொரு டிபன் பாக்ஸை வட்டத்துக்குள் வைத்துவிட்டு, எதிரே மூடிக்கிடந்த செல்போன் கடையின் தகரக் கூரைக்கு அடியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து அரட்டையடித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தையும் ரேஷனுக்குப் பையையும் வரிசையில் போட்டு வளர்ந்தவர்கள். பொருள் நின்றால் ஆள் நின்ற மாதிரி.

அண்ணி கத்தியபோது ஒருவன் எழுந்திருக்காமலே பதில் சொன்னான்: "வெயிலு மண்டையப் பொளக்குக்கா. டப்பா நிக்குல்லா, அது போதாதா?"

அப்படி ஒரு மதியம் இரண்டு பேர் வந்து படம் எடுத்துவிட்டுப் போனார்கள். நான் பின்கட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. அன்று மாலை டிவியில், சத்தமில்லாமல், எங்கள் தெரு வந்தது. தகரக் கூரைக்கு அடியில் நெருக்கியடித்து உட்கார்ந்த பையன்கள், முகக்கவசம் தாடையில். ஓரத்தில் மெஸ்ஸின் பெயர்ப்பலகை. காற்றில் பறந்த சமூக இடைவெளி என்று கீழே ஓடியது. மறுநாள் காலை ஒரு நாளிதழில் இன்னொரு படம். வெள்ளை வட்டங்கள், வட்டத்துக்கு ஒன்றாக எவர்சில்வர் பாக்ஸ்கள், ஒரு கோணலும் இல்லாத வரிசை. வெளியூர்த் தொழிலாளர்களின் ஒழுக்கத்தை மெச்சி அடிக்குறிப்பு எழுதியிருந்தார்கள்.

டிவி காட்சியைச் செல்போனில் நிறுத்தி, நாளிதழுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தெருவில் பெயர்ப்பலகையின் நிழல் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் எடுத்தவை. ஒருவர் கேமராவைத் தகரக் கூரைப் பக்கம் திருப்பியிருக்கிறார், மற்றவர் வட்டங்கள் பக்கம். இரண்டிலும் பொய் இல்லை.

அன்று காலையிலேயே சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். பல நாள் தூங்காத முகம். செல்போனில் டிவி காட்சியைக் காட்டி, மெஸ்ஸை மூடச் சொல்லி மேலிருந்து உத்தரவு என்றார். மூடினால் அண்ணிக்கு வேறு பிழைப்பு இல்லை. அது மட்டுமல்ல, மாடி அறைகளில் அடுப்பு வைக்க லாட்ஜ்காரர் விடமாட்டார். சுற்றி வேறு மெஸ் எதுவும் திறந்திருக்கவில்லை. முந்தைய வாரமே இரண்டு பையன்கள், நடந்தாவது ஊருக்குப் போய்விடலாமா என்று என்னிடம் வழி விசாரித்திருந்தார்கள்.

மாடியிலிருந்து ஒருவன் நாளிதழோடு ஓடி வந்தான். "பேப்பர்ல நம்மளப் பத்தி நல்லா போட்டுருக்கான் சார், பாருங்க" என்று விரித்துக் காட்டினான்.

ஆய்வாளர் வாங்கி நிதானமாகப் பார்த்தார். "டப்பாங்கள்லாம் ஒழுங்காத்தான் நிக்குது. டப்பாவுக்கு வியாதி வராதேப்பா" என்றார்.

முதலில் சிரித்தவர் அண்ணிதான். பிறகு அவனிடமிருந்து நாளிதழை வாங்கி மடித்துவிட்டு, "ரெண்டும் எங்க தெருதான் சார், நான் இல்லன்னு சொல்லல" என்றார். "கடைய மூடணுமா, இல்ல ஆளுங்க இங்க நிக்கக் கூடாதா? எதுன்னு சொல்லுங்க. ரெண்டாவதுன்னா என்னால முடியும்."

ஆய்வாளர் மேலே பார்த்தார். பால்கனிக் கம்பிகளில் வரிசையாகப் பையன்களின் தலைகள். இந்தத் தெருவில் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது, நின்றதாக ஒரு படம் வந்தாலும் சீல் வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி முன்பக்க ஷட்டரை இறக்கினார். பின்கட்டில் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துப் பிளாஸ்டிக் வாளியில் கட்டி, மறுமுனையை மாடிக்கு எறியச் சொன்னார். நான்தான் எறிந்தேன். மதியத்திலிருந்து இலைப் பொட்டலங்கள் வாளியில் ஏறின. குழம்புக்குத் தூக்குச்சட்டி. வாளி மேலே போனதும் அண்ணி உள்ளே போகமாட்டார். முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, பையன்கள் பொட்டலத்தைப் பிரித்து முதல் வாய் வைக்கும் வரை அண்ணாந்து நிற்பார்.

"எக்கா, உப்பு கூடிட்டு!"

"அப்டியா? வாளிய இறக்கு, நான் அதுல ஏறி வந்து உப்ப எடுத்துத் தரேன்."

"இன்னைக்கும் முருங்கைக்கீரையா? தின்னு தின்னு எங்க ஊரு வரைக்கும் கண்ணு தெரியுதுக்கா."

"நல்லா தெரியட்டும். இன்னா படிக்கிற அங்க, கீய இருந்து பாத்தா புக்காட்டம் கீது?"

அவன் சொந்த ஊர்த் தாலுகா அலுவலக வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறான் என்பதும், இன்னொருவனுக்குப் பேசி முடித்த கல்யாணம் தள்ளிப்போயிருப்பதும் அந்தக் கயிற்றடியில்தான் எங்களுக்குத் தெரிந்தன. மெஸ்ஸுக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்த காலத்தில், டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பயமும் குழப்பமும் நிறைந்த நாட்கள் அவை. எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். இருந்தும் அந்தப் பின்கட்டு மதியங்களை நினைத்தால் எனக்கு ஏக்கம்தான் வருகிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பேருந்துகள் திரும்பி வந்தன. ஷட்டர் ஏறியது. பையன்கள் மட்டும் முன்போலக் கீழே வரவில்லை. அறையிலேயே கட்டிலில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டார்கள். வாளியைக் கேட்டார்கள், பிறகு போனில் சொல்லிப் பார்சல் கேட்டார்கள். பழையவர்கள் ஒவ்வொருவராகப் போக, புதியவர்கள் வந்தார்கள். அண்ணி பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பொட்டலம் கட்டும் மேசை போட்டார். இன்று அந்த மெஸ்ஸில் முன்பைவிட அதிகமாகச் சமைக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. யார் சாப்பிடுகிறார்கள் என்று அண்ணிக்குத் தெரியாது.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது, கூட்டம் நெரியும் மதிய நேரத்தில் ஒருவன் மனைவி, கைக்குழந்தையோடு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கல்யாணம் தள்ளிப்போன அந்தப் பையன். ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறானாம், சரக்கெடுக்க இந்தப் பக்கம் வந்தானாம். அண்ணி பொட்டலங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, மேசையைத் துடைத்து இரண்டு இலை போட்டார். எங்கிருந்தோ ஸ்டூல்கள் வந்தன. வாசலில் கலர் டீ-சர்ட் போட்ட டெலிவரிக்காரர்கள் போனைக் காட்டி அவசரப்படுத்தினார்கள்.

"இருப்பா, ஆள் துன்னுகினு கீது" என்றார் அண்ணி. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் மோர்ச் சோற்றுக்கு வரும் வரை ஒரு பொட்டலமும் கட்டவில்லை.