மகள் முகம் தெரிய இன்னும் கொஞ்சம் மெமரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. கொன்றது நான்தான்.

எங்கள் ஒரே மகள் தாரணி அயர்லாந்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் வீடியோ கால். கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவருக்குப் போனின் சின்னத் திரை சரிப்படுவதில்லை. அதனால் பழைய கம்ப்யூட்டர்தான் கதி. அதுவோ அடிவாரத்துப் பர்லியாரிலிருந்து எங்கள் குன்னூருக்கு மலை ஏறும் பழைய லாரி மாதிரி முக்கும். தாரணி சிரித்தால் பாதிச் சிரிப்பில் படம் நின்றுவிடும். முகம் கட்டம் கட்டமாகக் கலங்கிப்போகும்.

"மெமரி பத்தலீங்க. இன்னொரு ரேம் போட்டா சரியாயிருமுங்க" என்றார் ஊட்டிக் கடைக்காரர். ஒரு சின்னப் பட்டை, அவ்வளவுதான். உள்ளே காலியாக இருக்கும் ஸ்லாட்டில் செருக வேண்டியது.

செருகினேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. உள்ளேயிருந்து பீப்... பீப்... என்று ஒரு முனகல்.

"நல்லா ஓடிட்டிருந்ததைப் போயி எதுக்கு நோண்டுன?" என்றார் என் கணவர். மகளைப் பார்க்கத் தலைவாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்த மனுஷர்.

தாரணிக்கே போன் போட்டேன்.

"அம்மா, மொதல்ல பிளக்கைப் புடுங்கு. புது ரேமைக் கழட்டிட்டுப் போட்டுப் பாரு."

கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது.

"சரி, மறுபடி ஆஃப் பண்ணு. இப்பப் பழசை எடுத்துட்டு, அதே எடத்துல புதுசைப் போடு."

அதற்கும் வந்தது.

"அப்ப ரேம் ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. அந்தக் காலி ஸ்லாட்டுலதான் ஏதோ கோளாறு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் சும்மாவே கிடந்த ஸ்லாட். குன்னூர் ஈரத்தில் தூசி அடைஅடையாக ஒட்டியிருந்தது. உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிட்டேன்.

"இப்ப இன்னொரு ரேமை அதுல வெச்சு, ரெண்டு ஓரத்துலயும் அமுக்கும்மா. டக்குனு சத்தம் வரணும்."

"உடைஞ்சிருமோன்னு பயமா இருக்குதுடி."

"உடையாதும்மா. நான் இருக்கேன்ல, அமுக்கு."

நான் இருக்கேன்ல... அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் இரண்டு ஸ்லாட் கெட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. வழக்கமாக நாங்கள் என்ன பேசுவோம்? சாப்பிட்டியா, அங்கே குளிரா, இங்கே மழை – முடிந்தது. சேர்ந்து ஒரு வேலை செய்து எவ்வளவு காலமாயிற்று!

டக்.

திரையில் தாரணி வந்தாள். தெளிவாக, முழுசாக. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன கண்ணு இது?"

"இந்த ரூம்ல லைட் சரியில்லம்மா."

அவர் திரைக்கு அருகே குனிந்தார். "லைட் இல்ல சாமி. தூங்கறியா நீ?"

தாரணி அசையாமல் இருந்தாள். இந்த முறை நின்றது படம் அல்ல.

"தூக்கமே வர்றதில்லப்பா. ஊட்டுக்கு வரணும்போல இருக்குது."

எத்தனை மாதமாக 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்! கலங்கிய படமும் அவளுக்கு ஒத்தாசையாக இருந்திருக்கிறது. நாங்களும் நம்பியிருக்கிறோம்.

"பொறப்பட்டு வந்துரு" என்றார் அவர்.

"டிசம்பர்லதாம்ப்பா லீவு."

அவர்தான் வழி சொன்னார். "அப்ப ஞாயித்துக்கெழமை பேசி முடிச்சாலும் வீடியோவைக் கட் பண்ணாத. அப்படியே இருக்கட்டும்."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குள் பேச்சு குறைவு. அவள் அங்கே துணி மடிக்கிறாள். நான் இங்கே பீன்ஸ் நறுக்குகிறேன். அவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.

போன வாரம் தாரணி சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நல்ல தூக்கம். நாங்கள் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தோம்.

போர்வையை இழுத்துவிடத்தான் கை எட்டவில்லை.