இருபது வாட் ஸ்டார்ட்டர்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். இப்போது சர்க்கரை வந்து கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கல்யாணமான புதிதில் அடங்கவே அடங்காது. அந்தக் கோபத்தால் ஒரே ஒரு தடவை என் மனைவியின் பேச்சையே இழக்கப் பார்த்தேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ட்யூப் லைட் ஸ்டார்ட்டர்.

அவளுக்குக் காது கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. பேச்சு வரும், ஏற்ற இறக்கம் மட்டும் இருக்காது. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே சொல்வதைப் பிடித்துக்கொள்வாள். உசிலம்பட்டிப் பக்கம் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார், "மாப்ள, மொகத்தக் காட்டிப் பேசுனீங்கன்னா எம்புட்டு நேரம்னாலும் பேசுவா" என்றார். ஆனால் அந்த வீட்டில் முகம் காட்டிப் பேச யாருக்கும் பொறுமை கிடையாது. காடு, மாடு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறவர்கள். வேலையைக் கையால் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் ஏதாவது சொன்னால், "ஒனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்பதோடு சரி.

அத்தனை வருஷம் சேர்த்துவைத்த பேச்சையும் என்னிடம்தான் கொட்டினாள். சமயநல்லூரில் ஒரு மில் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. காலையில் இருட்டோடு கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகிவிடும். கைகால் கழுவிவிட்டு ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே பாய் விரித்து உட்கார்ந்தோமென்றால் சோறு ஆறுவதுகூடத் தெரியாது. கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் குடும்பம் சௌராஷ்டிராக்காரர்கள். அவர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷையில் பேசுவதைப் பார்த்துவிட்டு வந்து ஒருநாள் கேட்டாள்: "அவுங்க பேசுறது எனக்கு வெளங்கல. ஒங்களுக்கும் வெளங்காதுல்ல?" விளங்காது என்றேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் மாடிப் போர்ஷனில் உருப்படியான வெளிச்சம் அது ஒன்றுதான். அடுக்களையில் புகை படிந்த ஒரு குண்டு பல்பு தொங்கியது, அதில் முகம் தெரியாது. ஏதோ ஆபீஸைக் காலி பண்ணும்போது ஓனர் வாங்கிவந்த பிட்டிங் எங்கள் ட்யூப் லைட். ஒரே பட்டியில் இரண்டடி ட்யூப் இரண்டு இருக்கும். நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு பகலில் எலக்ட்ரீசியனை வைத்து மாட்டிக்கொடுத்தார். நான் அப்போது மில்லில் இருந்தேன். இவள்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

கல்யாணமாகி ஆறாவது மாதம் அந்த லைட் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. என் உதடு தெரிவதும் மறைவதுமாக இருக்க, பாதிப் பேச்சில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தல வலிக்குது, நாளைக்குப் பேசுவோம்" என்று எழுந்துவிட்டாள். ஸ்டார்ட்டர்தான் போயிருக்கும். தைல டப்பா போல உருண்டையாக, பட்டியின் ஓரத்தில் செருகியிருக்குமே, அது. மறுநாள் வரும் வழியில் இரண்டு வாங்கிவந்தேன். மில்லில் தினம் எடுத்துக் கொடுக்கிற சாமான்தானே! நாலடி நீள நாற்பது வாட் ட்யூபுக்குப் போடுவது. எந்தக் கடையிலும் ஸ்டார்ட்டர் என்றால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு இரண்டையும் போட்டேன். முன்னாவது விட்டுவிட்டு எரிந்தது. இப்போது துளி வெளிச்சம் வரவில்லை.

கீழிருந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "இது எரியாதுங்க. ரெண்டு ட்யூபுக்கும் சேத்து ஒரே சோக்காம். இருபது வாட்டுன்னு கேட்டு வாங்கணுமாம். பெருசு போட்டா எரியாதுன்னு மாட்ட வந்தவரு சொன்னாரு."

வேலை முடித்துவந்த அலுப்பு. கழுத்து வேறு வலித்தது. "கொல்லன் தெருவுல ஊசி விக்க வர்றியா?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். டார்ச்சை வாங்கி என் முகத்திலேயே அடித்துக்கொண்டு, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி சொன்னேன்: "அவென் என்ன சொன்னானோ, நீ என்னத்தப் பாத்தியோ. ஒனக்கென்ன தெரியும், சும்மா இரு."

பாவி. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

மறுநாள் புது ஸ்டார்ட்டர் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கீழ்வீட்டு நாலடி ட்யூபில் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்புறம் என்ன, ஸ்டார்ட்டர் நல்ல ஸ்டார்ட்டர், பட்டிக்குள் இருக்கிற சோக்தான் அவுட் என்று முடிவுகட்டினேன். அதைச் சொல்ல மாடிக்கு வந்தால் அவள் நிமிரவில்லை. தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், தண்ணீர் வைத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மற்ற வீடுகளில் சண்டை என்றால் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் அவள் கண்ணைத் தாழ்த்திவிட்டால் போதும், எனக்கு வாயே இல்லாமல் போய்விடும். நான் கத்தினால் சுவருக்குத்தான் கேட்கும். அடுத்த நாளும் அப்படியே. பொழுதுக்கும் பேசுகிறவள் மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறந்த வீட்டில் எப்படி இருந்தாளோ அப்படியே ஆகிவிட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே போய், சோக் மாற்ற வேண்டும், எலக்ட்ரீசியன் கிடைப்பாரா என்று ஓனர் வீட்டு அக்காவைக் கேட்டேன். அவர் பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு வர பத்து நாளாகும், தம்பி. மாட்டுன அன்னிக்கு ஒங்க வீட்டுக்காரம்மா கூடவே நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிச்சே. ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு. அதுகிட்டக் கேக்கலையா நீங்க?"

மாடி ஏறினேன். அவள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். நிமிரவில்லை. பார்க்க மாட்டேன் என்கிறவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி அவள் மடியில் வைத்தேன்: "கடைக்கு வா. நீயே கேட்டு வாங்கு."

படித்தாள். கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு எலக்ட்ரிக் கடை திறந்திருந்தது. அவள் முன்னால் நின்றும் கடைக்காரர் என்னைத்தான் பார்த்தார். "என்ன அண்ணே வேணும்?"

"எனக்குத் தெரியாது. அவங்களக் கேளுங்க. மொகத்தப் பாத்துப் பேசுங்க, போதும்" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் சொன்னாள்: "ரெண்டடி ட்யூப் ரெண்டு. ஒரே சோக்கு. இருபது வாட் ஸ்டார்ட்டரு ரெண்டு குடுங்க."

மேல்தட்டில் கைவைக்கப் போனவர் கையை எடுத்துக்கொண்டு, குனிந்து கீழிருந்து ஒரு பெட்டியைத் தூக்கினார். "கரெக்டாக் கேட்டீங்கக்கா. இத யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க. நாப்பது வாட்டக் கொண்டுபோயி மாட்டிப்புட்டு, எரியல, ஒன் சரக்கு சரியில்லன்னு எங்கிட்டச் சண்டைக்கு வருவாங்க."

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி இரண்டையும் திருகினேன். சுவிட்சைப் போட்டது அவள். ஒரு ட்யூப் கண்சிமிட்டியது, அடுத்ததும் சிமிட்டியது. இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. இறங்கி, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றேன்.

"நீ சொன்னதுதான் சரி. நாந்தான் கேக்கல."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க. கண்ணு கூசுது, சரியாத் தெரியல."

நிதானமாகச் சொன்னேன்.

"இன்னொரு தடவ."

கள்ளி! உதட்டோரம் சிரிப்பு தெரிந்துவிட்டது. மூன்று நாளுக்கு அப்புறம் பார்க்கிற சிரிப்பு. அதற்காகவே மறுபடியும் சொன்னேன். ஆனால் பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு போய்க் கண் நிரம்பிவிட்டது.

"எங்க வீட்டுல ஒருத்தரும் எங்கிட்ட இப்பிடிச் சொன்னதே இல்லைங்க" என்றாள்.

அவள் கேட்காமலே நான் நாலாவது தடவையும் சொன்னேன்.